ஏர்போர்ட்டில் தரும் சாவி

தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததற்கு அடுத்த வருடம்; இந்திய வம்சாவளியினர் குடும்பம் குடும்பமாக வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வட்டுகோலாவிலிருந்து தவுவா போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அப்பாவும் பதினேழு வயது மகளும், ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா தமிழில் பேசினார், மகள் ஹிந்தியில் பதில் சொன்னாள். இரண்டையும் தமிழிலேயே தருகிறேன்.

“செவப்புதானே கேட்ட? பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்குப்பா. சாவி எப்போ தருவாங்க?”

“வெள்ளிக்கிழம, நாண்டி ஏர்போர்ட்டுல. கார்க்காரங்க, புருசனும் பொஞ்சாதியும், பிளேன் ஏற அதுலதான் போய் எறங்குவாங்க. நாம பஸ்ல போய் வாங்கிக்கணும்.”

“சித்தப்பா வேனும் அங்கதான் வாங்கினோம். மாமா லாரியும்.”

“ஆமா. ஊர்ல ஆளு கொறைய கொறைய நம்ம வீட்டுல வண்டி கூடுது. துணி காயப்போட எடமில்லன்னு உங்கம்மா திட்டுறா.”

மகள் சிரித்தாள். பிறகு கேட்டாள்: “நமக்கு விசா வந்தா?”

“நாமளும் இதுலயே ஏர்போர்ட்டுக்குப் போவோம்.”

“சாவிய யார்கிட்டப்பா குடுப்போம்?”

“ஏன், நம்ம கோபால்...” என்று தொடங்கியவர் நிறுத்தினார். “இல்ல, அவனும் அடுத்த மாசம் போறான்.”