இன்னும் தோற்காத அணி

லொங்குய் நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறியபோது, நனைந்த ஜாக்கெட்டுகளோடு இரண்டு பேர் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள். இளையவரின் மகன் ஆடும் கல்லூரி உதைபந்தாட்ட அணி, பருவத்தின் முதல் ஆட்டத்தைக் கொட்டும் மழையில் ஒரு கோலால் வென்றிருந்தது.

“முதல் மட்ச்தானே அண்ணை. இதை வெண்டு என்ன கிடைக்கப்போகுது? இன்னும் சீசன் முழுக்கக் கிடக்கு.”

“எங்கட கொலிஜ் ரீம் இன்னும் தோக்கேல்லை, தெரியுமோ?” என்றார் மூத்தவர்.

“இன்னுமோ?”

“ஓம். மன்னாரிலை எங்கட முதல் மட்ச்சும் இப்பிடித்தான், உயிரைக் குடுத்து வெண்டனாங்கள். அதுவரைக்கும் மாதா கோயில் பெடியன் அந்தோனியார் கோயில் பெடியனுக்குப் பந்து குடான். அண்டைக்கு எல்லாரும் ஒரே சோடாப் போத்திலிலை வாய் வைச்சுக் குடிச்சம்.”

“பேந்து?”

“பேந்தென்ன, அடுத்த மட்ச்சுக்கு முன்னம் நாட்டிலை சண்டை தொடங்கீற்றுது. பள்ளிக்கூடம் அகதி முகாமாப் போச்சு. ஆளுக்கொரு நாட்டுக்கு வந்திட்டம்.”

ரயில் ஆற்றுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. மூத்தவர் தொடர்ந்தார்.

“கோல் காத்தவன் இப்ப லண்டனிலை. போனெடுத்தா ஹலோ சொல்லமாட்டான். ‘கப்டன், அடுத்த மட்ச் எப்ப?’ எண்டுதான் கேப்பான்.”