பத்துக்கு எத்தனை

– வலி எப்படி இருக்கு, லூர்துராஜ் ஐயா? பத்துக்கு எத்தனை போடுவீங்க?

– ஸீரோ, டாக்டரம்மா. ஏக்தம் ஃபிட்.

– போன மாசமும் ஸீரோ, அதுக்கு முந்துன மாசமும் ஸீரோ. ஒங்க ரத்தம் வேற மாதிரி சொல்லுதே. உள்ள வீக்கம் இருந்தா ஏறுற சி.ஆர்.பி. எகிறிக் கெடக்கு. கைய நீட்டுங்க. விரல் கணுவெல்லாம் வீங்கியிருக்கு. இதுவும் ஸீரோவா?

– அது மம்புட்டி புடிச்ச கை. அப்படித்தான் இருக்கும்.

– மாதாவே! மம்புட்டியத் தொட்டு ஒரு வருஷமாச்சு இந்த மனுஷன். நான் இவங்க வீட்டுக்காரி டாக்டர், பாத்திமா மேரி. எப்ப வந்தாலும் என்ன வெளிய பெஞ்சுல ஒக்கார வச்சிட்டு வந்துடுவாங்க. இன்னிக்கு நானே உள்ள வந்துட்டேன்.

– நல்லதாப் போச்சும்மா. நீங்க சொல்லுங்க.

– காலைல எந்திரிச்சா விரல் மடங்காது. சட்டப் பொத்தான நான்தான் போட்டு விடுறேன். அந்நேரம் பாத்து செவுத்துக் காலண்டரப் பாப்பாங்க, என்னமோ தேதி தெரியாத மாதிரி.

– மேரி, வேணாம்.

– என்னா வேணாம்? பொத்தான் போடுறது வேணாமா, சொல்றது வேணாமா?

– ஐயா, இங்க பாருங்க. கிருமி வந்தா அடிக்கிறதுக்கு நம்ம ஒடம்புக்குள்ளயே ஒரு படை இருக்கு. ஒங்களுக்கு அது ஓய மாட்டேங்குது. ஒங்க மூட்டுங்களையே எதிரின்னு நெனச்சி அடிக்குது. அழற்சின்னு சொல்லுவோம். மிலிட்டரில அத்தன வருஷம் பட்ட குளிரு, கூடாரத்து ஸ்டவ்வுப் புகை, தூக்கமில்லாத காவலு, எல்லாம் சேந்து அதக் கௌப்பி விட்டிருக்கலாம். அதாலதான்னு அடிச்சிச் சொல்ல முடியாது. ஒங்கள மாதிரி அங்க இருந்தவங்ககிட்ட இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க.

– நானே வீட்டுக்கு வந்துட்டேன். அந்தப் படைக்கு யாரும் தகவல் சொல்லலயா?

– சொல்றதுக்கு மருந்து இருக்கு. ஆனா எந்தெந்த மூட்டு, எவ்வளவு வலி, காலைல எவ்வளவு நேரம் மடங்காம இருக்குன்னு நீங்க வாயத் தொறந்தாத்தான் எது, எவ்வளவுன்னு நான் முடிவு பண்ண முடியும். இப்படியே விட்டா விரல் கோணிக்கும். அப்புறம் என்ன குடுத்தாலும் நிமிராது.

– கேட்டுச்சா? பழைய பயம் டாக்டர் இவங்களுக்கு. வலின்னு சொன்னா பட்டாளத்துல மெடிக்கல் கேட்டகிரியக் கொறச்சி ஓரங்கட்டிடுவாங்களாம். ரிட்டயராகிப் பதினோரு வருஷம் ஆச்சு. இனிமே யாரு கொறைக்கப் போறா, நானா?

– அதில்ல மேரி.

– பின்ன என்னாங்க?

– ஒரே ஒரு தடவ சொல்லியிருக்கேன். வலிக்குதுன்னு.

– எங்க வச்சி, ஐயா?

– பனி மலையில, டாக்டரம்மா. அன்னிக்கு மேல் போஸ்டுக்கு நான் ஏறணும். முழங்கால் வீங்கிடுச்சு, ஏற முடியல சாப்னு மேலதிகாரிகிட்ட சொன்னேன். சரி, நீ இருன்னுட்டு இளையபெருமாள அனுப்புனாங்க.

– பட்டுக்கோட்டை அண்ணனா? நம்ம கல்யாணத்துக்கு ஒரு மூட்ட தேங்காயோட வந்து எறங்குனவரு? பனி சரிஞ்சி போயிட்டாருன்னுதானே சொன்னீங்க?

– பனி சரிஞ்சுதான் போனான். யாரோட டூட்டியில போனான்னு ஒங்கிட்ட சொல்லல.

– இருபத்திரெண்டு வருஷமா இத நெஞ்சுல வச்சிக்கிட்டா என் பக்கத்துல படுத்திருந்தீங்க? கிறுக்கு மனுஷா... அழாதீங்க. இந்தாங்க, முந்தானையில தொடச்சிக்கிங்க. டாக்டரு ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாங்க.

– நான் வலின்னு சொன்னா எனக்குப் பதிலா இன்னொரு ஆள் போவும், மேரி. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

– ஐயா, அது மலை. இது தஞ்சாவூரு. இங்க ஒங்களுக்குப் பதிலா யாரும் எங்கயும் போகப் போறதில்ல.

– போவுதே டாக்டர். ஒரு ஆளு தெனம் போய்க்கிட்டுத்தான் இருக்கு. இவங்க சொல்லாததால.

– யாரும்மா?

– நான்தான். விடியல்ல மம்புட்டியத் தூக்கிக்கிட்டு மடை தொறக்க நான் போறேன். மோட்டாரு போட, ஒர மூட்டய எறக்க, எல்லாத்துக்கும் நான்தான். இவங்க தூங்குற மாதிரி படுத்திருப்பாங்க. நானும் அத நம்புன மாதிரி கதவச் சாத்திட்டுப் போவேன். கஷ்டம்னு சொல்லல டாக்டர், ஆசையாத்தான் போறேன். போன வாரம் வரப்புல வழுக்கி விழுந்துட்டேன். இந்தா பாருங்க, முழங்கை.

– இது எப்ப? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீ?

– நீங்க சொன்னீங்களா?

– டாக்டரம்மா, மொதல்ல அவ கையப் பாருங்க. அப்புறம் எழுதிக்குங்க. பத்துக்கு ஒம்பது.