கமலாத்தாளின் கவாத்து

ஒரு மட்டைகூடக் குடுக்கமாட்டனுங் தம்பி, நீங்க ஆரூட்டுப் பந்தலுக்குக் கேட்டாலுஞ் செரி! இந்த மீனாட்சிபுரத்துல கண்ணாலம்னா, பந்தக்கார ஈஸ்வரமூர்த்தி உங்களுக்கு நேரா இந்தக் கமலாத்தா வாசல்ல பனையாட்ட நிக்கற ஈந்துமரந்தான் நெனப்புக்கு வருமாட்டிருக்குது! வர்ற வெள்ளிக்கெழம எம்பட மவளுக்கே கண்ணாலங். மாப்ள ஊட்டுக்காரங்க நெம்மாறையில இருந்து வாராங்க. அந்தச் சம்மந்தியம்மா என்ன சொல்லுச்சு தெரியுங்ளா? "உங்க பக்கம் ஒரே காஞ்ச காடு, கண்ணுக்குப் பச்சையே இல்ல"ன்னு... என்ன வாயிங்கறீங்க! அதுக்காகத்தான் இந்த ஈந்தக் கொடையாட்ட விரிய உட்டு வெச்சிருக்கறன். வந்து பாக்கட்டும்!

இருங், நான் அருவாளோட நிக்கறது ஏனுன்னா... காஞ்ச மட்டைய மட்டுந்தான் ஒதுக்கோணுங். பச்சையில கை வெச்சா மரம் எளைச்சுப்போகும். தண்ணியும் அளவாத்தானுங். எங்கூட்டுக்காரரு இருக்காரே, மாட்டுச்சாளை கழுவுன தண்ணியெல்லாம் இதுக்கே ஊத்துவாரு! வேரு அழுகிப்போகுமுங்கன்னா, "உனக்கென்ன தெரியும்"ம்பாரு. அவரு வளத்த பொடலங்காய நீங்க பாக்கோணும்... அட, அத உடுங்.

இந்தாங், புடிங்க, இது காஞ்சது. இதும்... நுனி பழுத்துப்போச்சு, இருந்தென்ன போயென்ன. பாருங், இக்கட்டால எடுத்ததும் அக்கட்டால தூக்கீட்டு நிக்குது. ஒறம்பரைச் சனம் வந்தா கோணலாத் தெரியுமுங்கல்ல? புடிங்க. அய்யே, இப்ப இந்தப் பக்கம் கனமாத் தெரியுது! என்னுங் தம்பி, சும்மா "அக்கா, அக்கா"ன்னு? இருங், நாம் பேசி முடிச்சர்றன். கோணல்னா அந்தம்மா கண்ணுலதான் மொதல்ல படும். இதும் போகட்டும்... அதும்... ஒரு பொம்பள வாயத் தொறந்தா நடுவுல நடுவுல பூந்துக்கிட்டு... புடிங்கங்கறன்!

அப்பாடா. இப்பப் பாருங், ரெண்டு பக்கமும்...

அய்யய்யோ! நடுக்குருத்து மட்டுந்தான நிக்குது! ஏனுங், பச்சைய வெட்ட வெட்ட வாங்கி அடுக்குனீங்களே, ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா? சொன்னீங்களா? எப்பச் சொன்னீங்க? கத்திச் சொல்லோணுமுங்க! வெள்ளிக்கெழம அந்தம்மா வந்து நின்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு...

எங்கீங் கெளம்பீட்டீங்க? சைக்கிள்ல கட்டுனது அத்தனையும் எம்பட மரத்துதுங்! தம்பி... ஏனுங் தம்பி! மெதிக்காதீங், நில்லுங்! பூராத்தையும் கேக்கலீங்... எம்பட வாசல்ல சொருக நாலே நாலு குடுத்துட்டுப் போங்!