மயிலம் முருகனுக்கு நேர்ந்துகொண்ட சடுகுடுக்காரர்

கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறிய புருஷனும் பெண்சாதியும் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். அன்று சாயங்காலம் விழுப்புரத்தில் அவருக்குச் சடுகுடுப் போட்டியாம்.

“ஜெயிக்கிற வரைக்கும் ஒரு சொட்டு தண்ணி குடிக்கமாட்டேன்னு மயிலம் முருகனுக்கு நேந்துக்கினு இருக்கேன்,” என்றார்.

“நல்லா நேந்தீங்க! எங்க, ஒரு தபா பாடிக் காட்டுங்க.”

“சடுகுடு சடுகு…” நாக்கு ஒட்டிக்கொண்டது.

“இந்த மூச்சோட கோட்டைத் தாண்டுனா அமுக்கிடுவானுங்க.” அந்த அம்மாள் தூக்குப்பாத்திரத்தைத் திறந்தார். “தண்ணின்னுதானே நேந்தீங்க? இது மோரு.”

“மோருல தண்ணி இல்லியா?”

“அதை ஊத்துனது நானு. பாவம் என்னோட இருக்கட்டும், குடிங்க.”

முருகா, பொறுத்துக்கொள் என்று நானும் மனசுக்குள் கும்பிட்டேன். அவர் குடித்துவிட்டுப் பாடத் தொடங்கினார். மூச்சு அறுபடவேயில்லை.

கடைசியில் கண்டக்டர் கெஞ்சினார். “அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. நான் ஊதுற விசில் டிரைவருக்குக் கேக்கல!”