எதற்கு உங்களைக் கூப்பிட்டார்கள்?

இந்த அவையை அன்பால் ஆளுகின்ற தலைவர், காலையிலேயே வந்து மண்டபக் கதவைத் தம் கையால் திறந்துவிட்ட ஐயா திருநாவுக்கரசு அவர்களே! ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே! தேவாலயத்தில் பூசை கண்டுவிட்டு நேராக வந்த தாய்மார்களே, நெற்றித் திருநீறு கலையாமல் கோயிலிலிருந்து வந்த தாய்மார்களே! ஆட்குறைப்புக் கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவர்போல் சிரித்துக்கொண்டிருக்கும் என் அண்ணன்மாரே, அக்காமாரே! உங்கள் அனைவருக்கும் இந்தக் காமினியின் கனிவான வணக்கம்.

இம்மாத இறுதியில் உங்கள் தொழிற்சாலை மூடப்படுகிறது. நூற்று நாற்பது குடும்பங்கள். நான் கேட்கிறேன்: மூடப்படுவது தொழிற்சாலையா, உங்கள் திறமையா? பூட்டப்படுவது வாயிற்கதவா, உங்கள் வாழ்வா? இருபது ஆண்டு இரவு பகல் பாராமல் இயந்திரத்தோடு இயந்திரமாய் நின்ற கைகள், கடிதம் கிடைத்த அன்றே கற்றதையெல்லாம் மறந்துவிடுமா?

என்ன அண்ணே, பின்னால் என்ன சத்தம்? "பேசி என்னா ஆவப் போது, வேலையக் கொடு லா" என்கிறீர்களா? காதில் விழுந்தது, விழுந்தது. கோபப்படுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் நான் செய்த ஒரு குற்றத்தையும் கேட்டுவிட்டுச் சேர்த்துக் கோபப்படுங்கள்.

நான் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவான் ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறவள். யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்கலாம் என்று முடிவு செய்கிற நாற்காலி என்னுடையது. நான்கு ஆண்டுகளுக்கு முன், இதே சுங்கை பினாங்கிலிருந்து பதினொரு பெண்களின் விண்ணப்பப் பாரங்கள் ஒன்றாக வந்தன. பதினொருவரும் ஒரே பாக்டரி பஸ்ஸில் போய் வந்தவர்கள். அவர்கள் கம்பெனியும் இப்படித்தான் திடீரென்று மூடிக்கொண்டது. பாரத்தைப் பிரித்தேன். எல்லாரும் கடின உழைப்பாளி. எல்லாரும் குழுவோடு ஒத்துப்போகிறவர். பொழுதுபோக்கு? பதினொரு பேருக்கும் நீச்சல்!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு நின்றேனா? பக்கத்து மேசைக்காரர்களுக்கெல்லாம் காட்டிக் காட்டிச் சிரித்தேன். மேலே இருந்த பாரம் கிறிஸ்டல் என்ற இளம்பெண்ணுடையது. அவளை மட்டும் கூப்பிட்டு வேலை கொடுத்தேன். மீதிப் பத்தையும் ஒரு பெட்டியில் போட்டு, காலால் மேசைக்கடியில் தள்ளினேன். ஆமாம், காலால்தான். மறைப்பானேன்?

மூன்று வாரம் கழித்து ஓர் அம்மா தனியாக வந்து காவலர் கூண்டருகே நின்றார். பெயர் சவுந்தரம். வயது நாற்பத்தாறு. நான் போனேன்.

"மிஸ், என் பாரத்துல என்னா தப்புன்னு சொன்னா போதும். திருத்திக் கொடுத்துருவேன்."

நான் கொஞ்சம் முன்கோபக்காரி. "அக்கா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்றேன்.

"ஐயோ, தண்ணியக் கண்டாலே பயம் மிஸ். பாலத்துல வரும்போதே கண்ண மூடிக்குவேன்."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"கிறிஸ்டல் அழகா எழுதியிருந்துச்சு. எல்லாரும் பாத்து எழுதிக்குங்க அக்கான்னு அதுதான் கொடுத்துச்சு. நம்ம கதைய எழுதுனா யாரு மிஸ் படிப்பா?"

யார் படிப்பார் என்று கேட்டாரே, படிக்க வேண்டிய நான் எதிரில் நிற்கிறேன்! அவரோ மெதுவாகச் சொன்னார்: "பொண்ணு ஃபார்ம் சிக்ஸ் படிப்ப நிறுத்திட்டு கடையில காசு வாங்குற வேலைக்குப் போறேங்கிறா. திங்கக்கிழமை சேரணுமாம். அதுக்குள்ள எனக்கு ஏதாச்சும் கெடச்சா அவள நிறுத்திப்புடுவேன்."

அன்று வெள்ளிக்கிழமை. என்ன கேட்பதென்று தெரியாமல்தான் கேட்டேன்: "அக்கா, உங்க லைன்ல உங்கள எதுக்குக் கூப்பிடுவாங்க?"

யோசித்தார். "மெஷின் நின்னா டெக்னீஷியனக் கூப்பிடுவாங்க. புதுசா வந்த பிள்ள அழுதா என்னக் கூப்பிடுவாங்க."

"அழுதா?"

"ஆமா லா மிஸ். மொத வாரம் எல்லாப் பிள்ளையும் அழும். கை சுட்டுக்கும், சூப்பர்வைசர் கத்துவாரு, வீட்டுக்குப் போறேன்னு நிக்கும். என் பக்கத்துல உக்கார வச்சிருவாங்க. ரெண்டு வாரம் போனா கை பழகிரும். அப்புறம் எங்க போவுது?"

தோழர்களே, அந்த ஆண்டு எங்கள் தொழிற்சாலையில் நாங்கள் மூன்று முறை விளம்பரம் செய்தும் ஆள் கிடைக்காத இடம் ஒன்று இருந்தது. எந்த இடம்? புதியவர்களைப் பழக்குகிற இடம்! சேர்ந்த பத்துப் பேரில் ஆறு பேர் முதல் மாதமே ஓடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தேடிய ஆள் எங்கே இருந்தார்? என் காலடிப் பெட்டியில் இருந்தார்!

மேலாளர் ஹைக்கலிடம் ஓடினேன். சான்றிதழ் எங்கே என்றார். இரண்டு வாரம் கொடுங்கள், பிறகு கேளுங்கள் என்றேன். கத்தினேன் என்றே சொல்லலாம். சரி என்றார். சனிக்கிழமை காலை சவுந்தரம் அக்காவுக்குப் போன் செய்தேன். வேலை உண்டு என்றேன். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம்தான் கேட்டது. அந்தப் பெண் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனாள். அக்காவிடம் பழக்கக் கொடுத்த முதல் ஆறு புதியவர்களும் இன்றுவரை எங்களிடம் இருக்கிறார்கள்.

கை தட்டாதீர்கள். கதை முடியவில்லை. அந்தச் சனிக்கிழமையே பெட்டியை இழுத்து மற்ற ஒன்பது பேரையும் அழைத்தேன். ஆறு பேர் பேசினார்கள். மூன்று எண்கள் வேலை செய்யவில்லை. அந்த மூவரின் முகம் எனக்குத் தெரியாது. அவர்களுக்கு எது கைவந்த வேலையென்றும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவில்லையே! அவர்களில் ஒருவர் இந்த மண்டபத்தில் இருந்தால், இந்த மேடையிலிருந்தே மன்னிப்புக் கேட்கிறேன்.

அதனால்தான் இன்று இங்கே நான்கு மேசைகள் போட்டிருக்கிறோம். கணினி வகுப்பு, நேர்முகத் தேர்வு, சொந்தத் தொழில் எல்லாம் அங்கே பேசலாம். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. உங்களை எதற்குக் கூப்பிட்டார்கள்? பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காதீர்கள், அவருக்குத் தெரியாது!

யார் எழுந்து நிற்பது? சொல்லுங்கள் அண்ணே. சூசையா? கையிலிருக்கும் பாரத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? "ஸ்டோர் கூலி." அவ்வளவுதானா? உங்களை எதற்குக் கூப்பிடுவார்கள்? கொஞ்சம் சத்தமாக.

"கன்டெய்னர் லாரி பின்னால வந்தா என்னக் கூப்பிடுவாங்க. எந்த பாஷைக்கார டிரைவரா இருந்தாலும் என் கையப் பாத்துத்தான் வண்டியப் பின்னால எடுப்பான். இருபத்திரண்டு வருசம். ஒரு தடவகூட இடிச்சதில்ல."

கேட்டீர்களா? இருபத்திரண்டு வருடம்! கூலி என்ற சொல்லை அடியுங்கள் அண்ணே. இப்போது சொன்னதை, சொன்னபடியே எழுதுங்கள். நான் படிக்கிறேன். முழுவதும் படிக்கிறேன்.

இடம் தந்த தலைவருக்கும், பொறுமை காத்த பெரியவர்களுக்கும், பின்வரிசையிலிருந்து என்னை அதட்டிய அண்ணனுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இதோ, ஒலிவாங்கியை வைத்துவிட்டு முதல் மேசைக்குப் போகிறேன். சூசை அண்ணே, வாங்க, உட்காருங்க. எல்லாருக்கும் வணக்கம்.