அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்ற கல்யாண வீடியோ

எடிட்டர் அக்கா என்றால் என்னை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வயது நாற்பத்திரண்டு. சலவைக் கடைக்கு மேல், முதல் மாடியில் கணவருடன் குடியிருந்து வருகிறேன். அவர் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர். அவர் எடுத்து வருவதை வெட்டி ஒட்டுவது என் தொழில், பதினாறு வருடங்களாக. இன்று நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் கேட்டதன் பேரில் நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் இரண்டாவது ஞாயிறன்று, புகாரில் சொல்லப்பட்ட மண்டபத்தில் நடந்த கல்யாணத்தை என் கணவர் வீடியோ எடுத்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் அடுத்த சனிக்கிழமை விமானம் ஏறுவதாகவும், அதற்குள் வீடியோ கைக்கு வர வேண்டும் என்றும் பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். நான் செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாவற்றையும் எடுத்த நேரப்படி வரிசைப்படுத்தி, புதன்கிழமை காலை முழுப் படத்தையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யப் போட்டேன். அறுபத்து மூன்று சதவீதத்தில் கணினி நின்றது. சுட்டி நகரவில்லை. விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் கேட்கவில்லை. மின்சாரத்தைப் பிடுங்கி, மறுபடி போட்டேன். மறுபடியும் அறுபத்து மூன்று.

அதன் பிறகு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கொழுந்தனாருக்குப் போன் செய்தேன். அவர், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா அண்ணி?" என்றார். பண்ணினேன் என்றேன். "இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க" என்றார். அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்களை நினைத்து வயிறு எரிந்தது.

அதன் பிறகு, தற்காலிகக் கோப்புகளையெல்லாம் அழித்தேன். கிராபிக்ஸ் கார்டுக்குரிய டிரைவரைப் புதுப்பித்தேன். மென்பொருளையே நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினேன். கணினி சூடாகிறதோ என்று பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மேசை மின்விசிறியை அதன் முகத்துக்கு நேரே வைத்துவிட்டு நான் வியர்வையில் உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் அப்பா மணிக்கொரு முறை போன் செய்து, "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். முப்பத்தேழு சதவீதம் என்று மூன்று நாளும் ஒரே பதிலைச் சொன்னேன். என் கணவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, நீ என்ன பண்ணே?" என்று கேட்டார். அந்த நிமிடம் என் கையில் திருப்புளி இருந்தது என்பதையும், நான் அதைக் கீழே வைத்துவிட்டேன் என்பதையும் பதிவு செய்துகொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை மதியம், படத்தைப் பகுதி பகுதியாக ஏற்றுமதி செய்து பார்த்ததில், குற்றவாளி ஒரே ஒரு துண்டு என்று தெரிந்தது. மொத்தமே பதினோரு வினாடி. எடிட்டிங்கில் அதைத் தொட்டாலே கணினி உறைந்துபோனது. முதல் காட்சி மட்டும் திரையில் நின்றது. மண்டபத்து நடைவழியில் துப்புரவு வேலை செய்யும் அம்மாவின் முதுகு. வேறு யாரும் இல்லை. நான் அந்தத் துண்டைத் தூக்கி 'சனியன்' என்று பெயரிட்ட கோப்புறையில் எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் இருந்த காட்சிகளைச் சேர்த்து ஒட்டினேன். படம் நூறு சதவீதம் ஏறியது. நான் எழுந்து நின்று கை தட்டினேன். அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதன் பிறகு நடந்தவை நிலையத்துக்குத் தெரியும். கல்யாணத்தன்று மணப்பெண்ணின் முத்து மாலை, நீல நிறப் பெட்டியோடு காணாமல் போயிருந்தது. வீடியோவில், பெண் கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கும்போது, பின்னால் துப்புரவு அம்மா நாற்காலிக்கு அடியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். அடுத்த காட்சியில் மாப்பிள்ளை நடந்து வருகிறார், ஓரமாக அதே அம்மா வெறுங்கையோடு நிற்கிறார். இதைப் பார்த்துத்தான் பெண் வீட்டார் புகார் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியைப் பெண்ணின் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டதாக அந்த அம்மா சொன்னதை யாரும் நம்பவில்லை. பெரியம்மாவும் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார். மண்டபத்தில் அந்த அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போன வாரம் ஒரு காவலர் வீட்டுக்கு வந்து, வீடியோவில் எதையாவது நீக்கினீர்களா என்று கேட்டபோது, முக்கியமானது எதையும் நீக்கவில்லை என்று நான் சொன்னேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

இன்று காலை பத்து மணிக்கு அந்த அம்மாவே எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நான் பெட்டியைக் குடுத்தப்போ உங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே செல்போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரும்மா. அது எங்கம்மா போச்சு?" என்று கேட்டார்.

மூன்று நாள் என் உயிரை வாங்கிய கோளாறுக்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. செல்போனில் எடுக்கும் வீடியோ, வினாடிக்கு இத்தனை படங்கள் என்று ஒரே சீராகப் பதிவாவதில்லை. அதைச் சீராக மாற்றிய பிறகுதான் எடிட்டிங்கில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் சில சமயம் மென்பொருள் திணறி நின்றுவிடும். பத்து நிமிட வேலை. உள்ளே போய் என் கணவரைக் கேட்டேன். கேமராவில் பேட்டரி மாற்றும்போது சும்மா செல்போனில் எடுத்ததாகவும், கேமராப் படங்களோடு கலந்து கொடுத்ததாகவும் சொன்னார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றதற்கு, "நீ கேக்கலையே" என்றார். அவரோடு பேச வேண்டியதை வீட்டில் பேசிக்கொள்கிறேன்.

அதன் பிறகு 'சனியன்' கோப்புறையைத் திறந்து, அந்தத் துண்டை என் செல்போனுக்கு மாற்றிக்கொண்டு, அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு நேராக இங்கே வந்தேன். ஆய்வாளர் பெண் வீட்டாரையும் வரவழைத்தார். எல்லோர் முன்னிலையிலும் போட்டுக் காட்டினேன். தடங்கலே இல்லாமல் ஓடியது. அந்த அம்மா பெட்டியை நீட்டுகிறார், பெரியம்மா யாரோடோ பேசியபடியே வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொள்கிறார். பெரியம்மா முகம் வெளிறி, "ஐயோ, அந்தப் பைய அன்னைக்கு அலமாரியில வெச்சதோட சரி, தொறக்கவே இல்லையே" என்றார். பெண்ணின் அப்பா போய்ப் பையை எடுத்து வந்தார். பெட்டி உள்ளேயே இருந்தது. துப்புரவு அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்று தடவை பார்த்தார்.

அந்தத் துண்டைக் கணினி கெட்டதால் வெட்டினேன் என்று எழுதிவிட்டால் போதும் என்று ஆய்வாளர் சொன்னார். அது போதாது. முதல் காட்சியில் மணப்பெண்ணின் முதுகு தெரிந்திருந்தால் நான் இன்னும் மூன்று நாள் அந்தக் கணினியோடு மல்லுக்கட்டியிருப்பேன். எடிட்டிங் மென்பொருளுக்கு வெளியே சாதாரணமாக ஒரு தடவை ஓடவிட்டாவது பார்த்திருப்பேன். துப்புரவு அம்மாதானே என்றுதான் வெட்டினேன். இதை அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மேலே உள்ளதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். அத்தனையும் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. மிகவும் நீளமாக இருப்பதால் கடைசிப் பத்தியை எடுத்துவிடலாமா என்று எழுத்தர் கேட்டார். எதையும் வெட்ட வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
எடிட்டர் அக்கா