வழுக்கையில் விழுந்த ஆவாரம்பூ

ஒரு சின்னக் கதை இருக்கு, அதைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன்... பயப்படாதீங்க, என் தலையில இருக்கிற முடியைவிடச் சின்னதுதான்.

என் அக்கா சௌந்தரம். போன தையில அவ மகனுக்குக் கல்யாணம். பொண்ணு பேரு இளவேணி. நிச்சயத்துக்கு அக்கா ஆசை ஆசையா ஒரு கத்தரிப்பூ கலர் புடவை எடுத்தா. பொண்ணு அன்னைக்கு ஒரு நாள் கட்டினா... அப்புறம் அது பீரோவை விட்டு வெளியே வரவே இல்லை. அக்காவுக்கு அது முள்ளாக் குத்திக்கிட்டே இருந்தது. வர்ற மருமக நம்மகிட்ட ஒட்டுவாளா, மாட்டாளா? அதனால கூறைப்புடவைக்கு மட்டும் வாய்விட்டே கேட்டுட்டா. பொண்ணு சொன்னா, "ஆவாரம்பூ கலருங்கத்தை."

பொங்கல் முடிஞ்ச கையோட ஈரோட்டுக்குப் போனோம். நான் எதுக்கு? தமிழ்ப் பேச்சாளனுக்குப் பூவெல்லாம் தெரியும்னு அக்காவுக்கு ஒரு நம்பிக்கை. என்னை நம்பி அவ ஏமாறுறது முதல் தடவை இல்லை.

கடைக்காரர் ஒண்ணை விரிச்சார். "இது எலுமிச்சை"ன்னேன். இன்னொண்ணு. "இது மாம்பழம்." அடுத்தது. "இது சாம்பார்."

"அண்ணா, நீங்க ஆவாரம்பூ பார்த்திருக்கீங்களா?"

"மேடையில எத்தனை தடவை பேசியிருக்கேன் தெரியுமா?"

அவர் கேட்டது அதையா?

அக்கா மெதுவா, "பொண்ணுக்கே போன் போட்டுக் கேட்டுருவமா?"ன்னா.

கூட வந்திருந்த அக்கா வீட்டுக்காரர், எங்க மாமா, சொன்னார், "போடு. மாமியாளுக்கு ஆவாரம்பூகூடத் தெரியலைன்னு அவங்க ஊரே பேசட்டும்."

அக்கா போனைப் பையில வச்சுட்டா. "இதுலயும் தப்பாப் போச்சுன்னா அந்தப் புள்ளைக்கு என்மேல ஒட்டுதலே வராதுடா..."

எனக்கு அங்கே உட்கார முடியலை. டீ குடிக்கிற சாக்குல எந்திரிச்சேன். வாசல் நிலையில பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருந்தாங்க... வேப்பிலை, பூளைப்பூ எல்லாம் சேர்ந்த கொத்து. நெட்டையா வளர்ந்த குத்தம், மடேர்னு இடிச்சுக்கிட்டேன். தலையைத் தேய்ச்சுக்கிட்டே திரும்பி வந்தா, அக்கா என்னையே பார்க்கிறா. பாசம்னு நினைச்சேன். கிட்ட வந்து என் வழுக்கையில இருந்து எதையோ எடுத்தா.

ஆவாரம்பூ... காய்ஞ்சும் நிறம் போகாத ஆவாரம்பூ.

"உன் தலையில இருந்து உருப்படியா ஒண்ணு வந்தது இன்னைக்குத்தாண்டா."

அந்தப் பூவை ஒவ்வொரு புடவை மேலயும் வச்சுப் பார்த்தா. எது பொருந்துச்சு தெரியுமா? நான் சாம்பார்னு ஒதுக்கி, முழங்கைக்கு முட்டுக் கொடுத்திருந்தேனே... அது.

மணமேடையில இளவேணி அக்கா காதுகிட்ட வந்து, "எப்படிங்கத்தை இவ்வளவு சரியா எடுத்தீங்க?"ன்னு கேட்டுக் கையைப் பிடிச்சுக்கிட்டா. அக்கா என்ன சொன்னா? "நம்ம வாசல்ல கட்டுற பூதானே கண்ணு." என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

எதுக்குச் சொல்றேன்? வருஷா வருஷம் அதை நம்ம கையாலதான் கட்டுறோம். முடிச்சு இறுகியிருக்கான்னு பார்க்கிறோம்... பூவைப் பார்க்கிறோமா? வீட்டு மனுஷங்க ஆசையும் அப்படித்தான். கடை கடையாத் தேடுறோம், அது நம்ம நிலைப்படியில தொங்கிட்டு இருக்கு. நாளைக்குக் காப்புக் கட்டறப்ப ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்க. இல்லைன்னா என்னை மாதிரி இடிச்சுக்கிட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்... அதுக்கு வழுக்கையும் வேணும்.